மூச்சுக்காரி

றஹ்மா: ...அதத்தான் நானும் சொல்றன் தம்பி. உன்ட மச்சான்ட பழக்கம் இண்டைக்கு நேத்து வந்ததில்ல. சுபஹு தொழுதிட்டு வருவாரு, பிளேன்டியக் குடிப்பாரு, கடலுக்குப் போட்டத் தள்ளுவாரு. கடலடியில புல்லு முளைக்கிற அந்தப் புல்லுத் தரைக்குப் போனதும் என்ஜின நிப்பாட்டிப் போடுவாரு. வலையும் விடமாட்டாரு, தூண்டிலும் போடமாட்டாரு. அப்பிடியே போட்டுக்குள்ள ஸுஜூதில விழுந்திருவாரு. பொறகுதான் தொழில்.

ஜவ்பர்: பள்ளியில தொழுதிட்டுத்தானே ராத்தா போறாரு? பொறகு கடலுக்குள்ள என்ன மேலதிகமா ஒரு தொழுக?

றஹ்மா: நஃபில் தொழுறாரு. அவரு நஃபில் தொழுதா உனக்கு எங்க நோகுது?

ஜவ்பர்: எனக்கொண்டும் நோகல்ல. கிப்லாதான் நோகுது.

றஹ்மா: என்ன சொல்றாய்?

ஜவ்பர்: கிப்லா மேற்கால, அங்க பாத்துத்தான் தொழணும். மச்சான்ட தலை ஒரு நாளைக்குக் கிழக்க கெடக்கு, ஒரு நாளைக்குத் தெற்க கெடக்கு.

றஹ்மா: காத்துக்குப் போட்டு சுத்தும். போட்டு சுத்தினா அவரு என்ன செய்யிற?

ஜவ்பர்: அவரும் சுத்தலாமே! அது போகட்டும் ராத்தா... நெத்திய வெச்சில்ல, கன்னத்த வெச்சுப் படுக்கிறாரு. கன்னத்தால ஸுஜூது செய்ற மனிசன இந்தக் கற்பிட்டியில நீ கண்டிருக்கியா? இதில பள்ளி நிர்வாக சபைக்கும் அவர்ட பேரச் சேர்த்திட்டாங்க.

றஹ்மா: நீ எப்ப பாத்தாய் கன்னமா நெத்தியா எண்டு? பின்னால போனியா?

ஜவ்பர்: சும்மா... சங்கு குளிக்கப் போற வழியில கண்ணில பட்டுது.

றஹ்மா: கண்ணில பட்டுதோ, கண்ணக் கொண்டு போய்ப் பட வெச்சியோ?

ஜவ்பர்: ராத்தா, கேளு. எங்கட வாப்பா மீன் கேப்பாரே, ஞாபகமிரிக்கா? துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற முனையில காத வைப்பாரு. கத்தாளை மீன் கூட்டமா நிண்டா, மழைத் தவளை மாதிரிக் கத்தும். கேட்டுட்டுத்தான் வலைய விடுவாரு. மச்சானும் அதுதான் செய்றாரு! போட்டுத் தட்டில காத வெச்சு மீன் கேக்கிறாரு. தனக்கெண்டு ஒரு கத்தாளைக் கெடங்கு கண்டுபிடிச்சு, சொந்த மச்சினனுக்கும் காட்டாம...

றஹ்மா: அங்க வலையே விடாத மனிசனுக்கு மீன் கெடங்கு என்னத்துக்குடா?

ஜவ்பர்: பெருக விடுறாரு. பெருநாள் நெருங்க ஒரேயடியா அள்ளுவாரு. நான் யோசிக்காமலா சொல்றன்?

றஹ்மா: தம்பி... நீ அங்க போய் ஒண்டும் செய்யல்லயே?

ஜவ்பர்: நானா? நான் என்ன செய்ய... என்ட என்ஜின் வேற பிளக்கு செத்துக் கெடக்கு. இல்லாட்டி விடியக்குள்ளயே போயிருப்பன்.

றஹ்மா: எங்க போயிருப்பாய்?

ஜவ்பர்: ...சங்குக்கு.

றஹ்மா: என்ட கண்ணப் பாத்துச் சொல்லு.

ஜவ்பர்: அந்தா, மச்சான்ட போட்டு! என்ன ராத்தா இந்த வேகத்தில வாறாரு? கருவாட்டுப் பந்தலுக்குள்ளயே ஏத்திருவாரு போல இரிக்கே!

மர்ஸூக்: ஜவ்பர்! ஜவ்பர்! ஏறு! கண்ணாடியும் எடு, தண்ணிக்குள்ள பாக்கிற கண்ணாடி! ஓடு!

ஜவ்பர்: மச்சான், ஸலாமாவது சொல்லிட்டு...

மர்ஸூக்: அஸ்ஸலாமு அலைக்கும், ஏறு! றஹ்மா, மீன் கீறுற கத்தியத் தா. அந்தச் சின்னதில்ல, பெரிசு.

றஹ்மா: ஆரக் கீறப் போறீங்க?

மர்ஸூக்: கீற இல்ல, அவிழ்க்க. வழியில சொல்றன், தா.

றஹ்மா: கத்தி என்டது. அது போற இடத்துக்கு நானும் வருவன். நகருங்க, என்ஜின நான் பிடிக்கிறன்.

மர்ஸூக்: நீ என்னத்துக்கு...

றஹ்மா: போட்டுக்காரன்ட மகள் நான். தள்ளு தம்பி!

*

மர்ஸூக்: வலப் பக்கமா வந்து கதையுங்க ரெண்டு பேரும். இடக் காதுக்கு ஒண்டும் ஏறாது.

றஹ்மா: அந்தக் காது செத்தது ஊருக்கே தெரியும். விஷயத்தச் சொல்லுங்க!

மர்ஸூக்: புல்லுத் தரையில ஒரு குட்டி மாட்டிட்டுது. ஆரோ களவா வலை தாட்டிருக்கான் போல. ஆழத்தில காது உடைஞ்ச நாள் தொட்டு என்னால தண்ணிக்குள்ள சுழியோட ஏலாதே, அதுதான் ஜவ்பரக் கூப்பிட வந்தன். அது மூச்சுக்காரிட குட்டி.

றஹ்மா: மூச்சுக்... காரியா? ஆரந்தக் காரி?

மர்ஸூக்: நான் வெச்ச பேர்.

றஹ்மா: ஓஹோ! கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்தில எனக்கொரு பேர் வெச்சீங்களா? "இஞ்ச" எண்டா வருவன், "உன்னத்தான்" எண்டாத் திரும்புவன். கடலுக்குள்ள ஒருத்திக்கு மட்டும் பேர்!

ஜவ்பர்: மச்சான், மனிசியா அது?

மர்ஸூக்: மடையா, புல்லுத் தரையில மனிசி எங்கால? கடல்பண்டி.

ஜவ்பர்: அஸ்தஃபிருல்லாஹ்! ஹறாமான பண்டியா?

மர்ஸூக்: பேர்தான் அப்பிடி. கடல்பசு எண்டும் சொல்லுவாங்க, பசு மாதிரிப் புல்லு மேயுற சாதி. ஒரு மீனயும் தொடாது, ஒரு மனிசனயும் கடிக்காது.

ஜவ்பர்: நிர்வாக சபைக் கூட்டத்தில அந்தப் பேரச் சொல்லிப் பாருங்களேன்...

றஹ்மா: வாய மூடுடா! நீங்க சொல்லுங்க. எப்பிடிப் பழக்கம்?

மர்ஸூக்: பழக்கமெண்டு... நானாப் பழக்கல்ல. காது உடைஞ்ச வரியம் நான் இரிந்த இருப்பு உனக்குத் தெரியுமே. கடலுக்கு மேலயே போய்வாற சுழியோடி, வாசலோட திருப்பி அனுப்பப்பட்ட விருந்தாளி மாதிரி. ஒரு நாள் தலை சுத்தி, என்ஜின நிப்பாட்டிட்டுத் தட்டில கன்னத்த வெச்சுப் படுத்தன். கீழ கீச்சுக் கீச்செண்டு ஒரு சத்தம், கோழிக்குஞ்சு மாதிரி. செத்த காதுதான் பொய் சொல்லுதாக்கும் எண்டு நினைச்சன். நிமிந்தன். போட்டுக்குப் பக்கத்தில தண்ணி வெடிச்சுது. "பூ..." எண்டு என்ட முகத்துக்கே மூச்சு விட்டா. புல்லு வாசம், றஹ்மா! அறுத்துப் போட்ட பச்சைப் புல்லு வாசம்.

றஹ்மா: பொறகு?

மர்ஸூக்: பாத்தா. நானும் பாத்தன். போயிட்டா. அடுத்த நாளும் அதே இடத்தில என்ஜின நிப்பாட்டினன்... வந்தா. அவ்வளவுதான். ஒரு நாளும் தின்னக் குடுத்ததில்ல, தொட்டதில்ல. அவ மேயுவா, நான் காத வெச்சுக் கேப்பன். சில நேரம் கதைப்பன்.

ஜவ்பர்: அப்ப... நீங்க கன்னத்த வெச்சுப் படுக்கிறது...

மர்ஸூக்: அவட சத்தம் கேக்க.

ஜவ்பர்: கத்தாளை இல்லயா?

மர்ஸூக்: என்ன கத்தாளை? அந்தப் புல்லுக்குள்ள கத்தாளை எப்பிடி நிக்கும்?

ஜவ்பர்: ...யா அல்லாஹ்.

மர்ஸூக்: ஆருக்கும் சொல்லல்ல. சொன்னா இறைச்சிக்கு வலை கொண்டு வருவானுகள். பிடிபட்டாச் சிறைதான், எண்டாலும் களவா விக்கிறவன் இரிக்கானே. நான் தொழுறன் எண்டு ஊர் கதைச்சுது. இல்லயெண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அந்தப் பொய் அவளுக்கு ஒரு போர்வையா இரிந்துது.

றஹ்மா: குட்டி எப்ப போட்டா?

மர்ஸூக்: போன வாடைக் காத்துக்கு. மொதல்ல குட்டிய எனக்குக் காட்டவே மாட்டா. தான் நடுவில நிண்டு, அத அந்தப் பக்கம் வெச்சுக்கொள்ளுவா. ஒரு நாள் என்ன செய்தா தெரியுமா? குட்டிய எனக்கும் தனக்கும் நடுவில விட்டுட்டு மேயத் தொடங்கினா. ஒரு பக்கம் தாய், மறு பக்கம் என்ட போட்டு. என்னயும் ஒரு சுவரா எண்ணிட்டா றஹ்மா! அண்டைக்கு நான் வீட்டுக்கு வந்து சோறு தின்னல்ல, உனக்கு ஞாபகமிரிக்கா?

றஹ்மா: குழம்பில உப்புக் கூடிட்டாக்கும் எண்டு நான் அழுதன்.

மர்ஸூக்: ...மாப்புச் செய்.

ஜவ்பர்: மச்சான், இண்டைக்கு... இண்டைக்கு என்ன நடந்துது?

மர்ஸூக்: தனிய வந்தா. மேயல்ல. போட்டுல தலையால இடிச்சா. போனா, திரும்பி வந்தா, திரும்பியும் இடிச்சா. காத வெச்சுக் கேட்டன், குட்டி கத்துது. விடாமக் கத்துது. ஆனா எங்கயெண்டு தெரியல்லயே! ரெண்டு காதும் இரிந்தாத்தான் ஒரு சத்தத்துக்குத் திசை பிடிக்கலாம். ஒத்தக் காதுக்கு எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்தான்.

ஜவ்பர்: வலைட மிதப்புத் தெரியல்லயா?

மர்ஸூக்: மிதப்பா? மிதப்பே இல்ல! எல்லா மிதப்பயும் அறுத்துப் போட்டு, கல்லுக் கட்டித்தான் தாட்டிருப்பான், ஆரும் காணாம இருக்க. எந்த ஹறாங்குட்டி செய்த வேலயோ, அவன் மட்டும் என்ட கையில ஆப்பிட்டா...

றஹ்மா: தம்பி, என்னடா உன்ட முகம் கருவாடு மாதிரிக் காஞ்சு போச்சு?

ஜவ்பர்: காத்து ராத்தா... சோளகக் காத்து.

மர்ஸூக்: நீர் வேற ஏறுது. வலையோட எழும்பி, மூக்க மட்டும் மேல நீட்டி மூச்செடுக்குதாக்கும். இன்னும் ஒரு முழம் ஏறினா எட்டாது. கெதியா றஹ்மா, கெதியா!

*

மர்ஸூக்: நிப்பாட்டு! இதுதான் இடம். ஆரும் அசையாதீங்க.

றஹ்மா: ஒண்டும் காணல்லயே... முழுக்கத் திரையாக் கெடக்கு...

மர்ஸூக்: பொறு. இந்தா வாறா... வலப் பக்கம் பாரு!

றஹ்மா: அல்லாஹு அக்பர்! எவ்வளவு பெரிசு! மூக்குத் திறந்து மூடுது, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி! தம்பி பாத்தியா, பாத்தியா? முந்தி இதவிடக் கொழுத்திரிந்தா...

மர்ஸூக்: முந்தியா?

றஹ்மா: சும்மா... வாயில வந்துது. குட்டியப் பாருங்க நீங்க!

மர்ஸூக்: மூச்சுக்காரி... வந்திட்டன் புள்ள, வந்திட்டன். ஆள் கூட்டிக்கொண்டு வந்திரிக்கன். ஜவ்பர், குதி! கிழக்கால இருந்து தொடங்கு. தண்ணி கலங்கிக் கெடக்கு, கையால தடவித் தடவித்தான் தேடணும்.

ஜவ்பர்: கிழக்காலயா...

மர்ஸூக்: அங்க இல்லாட்டி வடக்க. முழுத் தரையயும் தடவினாலும் பரவால்ல. என்னடா நிக்கிறாய்? குதி!

றஹ்மா: தம்பி, குதிடா! அந்தா, திரும்பியும் இடிக்கிறா!

ஜவ்பர்: தேடத் தேவயில்ல மச்சான்.

மர்ஸூக்: என்ன?

ஜவ்பர்: தேடத் தேவயில்ல. மேற்கால விடுங்க. அந்தக் கண்டல் மரம் நிக்குதே, அதில இரிந்து நேர இஞ்சால வாங்க. கயித்துட ஒரு முனைய மரத்துட வேரில கட்டிருக்கு. வலை அதில இரிந்து தெற்க ஓடுது.

மர்ஸூக்: உனக்கெப்பிடித் தெரியும்?

ஜவ்பர்: நான்தான் கட்டினன். நேத்துப் பொழுதுபட, மஃரிபுக்குப் பொறகு வந்து தாட்டன். மிதப்ப அறுத்தவனும் நான்தான். நீங்க கத்தாளை கேக்கிறீங்க எண்டு நினைச்சிட்டன். மச்சான், அடிக்கிறதெண்டாப் பொறகு அடிங்க, இப்ப போட்டத் திருப்புங்க!

றஹ்மா: திருப்பிட்டன், திருப்பிட்டன்! பிடிச்சுக்கொள்ளுங்க!

மர்ஸூக்: என்ஜின் வேணாம், தாய் குறுக்க வருவா! கம்பால ஊண்டு!

ஜவ்பர்: இஞ்ச! இஞ்சதான் நடு வலை! கத்தியத் தா ராத்தா. பிஸ்மில்லாஹ்!

றஹ்மா: குதிச்சிட்டான்... என்னங்க, அவன் செய்தது தெரியாமச் செய்த பிழை.

மர்ஸூக்: இப்ப பிழையக் கதைக்காத. மூச்சக் கதை. அவன்ட மூச்சும், குட்டிட மூச்சும்.

றஹ்மா: யா அல்லாஹ், ரெண்டயும் நீ தா... எங்க அவன்? கனநேரமாச்சே... அந்தா, தலை!

ஜவ்பர்: கண்டன்! கண்டன் மச்சான்! வாலச் சுத்தி... கைத் துடுப்பயும் சுத்தி... உருண்டு உருண்டு இன்னும் சிக்கிட்டுது!

மர்ஸூக்: ஹயாத்தா?

ஜவ்பர்: ஹயாத்துதான்! உசிரிரிக்கு, துடிக்குது! ஆனா மேல எட்டல்ல, இவ்வளவுக்கு எட்டல்ல!

மர்ஸூக்: வால் பொறகு! மொதல்ல மூக்கு! தோள்ல ஏத்தித் தூக்கு!

றஹ்மா: போயிட்டான்... தூக்கிருவான், அவன் தூக்கிருவான்... அந்தா! அந்தா ஒரு மூக்கு! சின்ன மூக்கு!

மர்ஸூக்: ஊதினதா? எனக்குக் கேக்கல்ல! ஊதினதா?

றஹ்மா: ஊதிட்டு! ஊதிட்டு! தம்பிட முகம் முழுக்க ஊதிட்டு!

ஜவ்பர்: மச்சான்! புல்லு வாசம்!

மர்ஸூக்: அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்! பிடிச்சுக்கொள், விடாத! இப்ப வால அறு!

ஜவ்பர்: ஒரு கையால தூக்கி, ஒரு கையால எப்பிடி... அறுபடுதில்லயே!

றஹ்மா: தம்பி, அது புது வலை!

ஜவ்பர்: புதுசுதான் ராத்தா, அதுதானே அறுபடுதில்ல! ...மச்சான்! மச்சான், பெரியவ வாறா! நேர என்னட்ட வாறா!

மர்ஸூக்: அசையாத!

ஜவ்பர்: அவ என்ன அமுக்கிருவா!

மர்ஸூக்: அசையாத எண்டன்! மூக்க மேல பிடிச்சுக்கொண்டு நில்லு. றஹ்மா, நகரு, நான் தட்டில படுக்கணும். மூச்சுக்காரி... இஞ்ச கேளு. நான்தான். ஒவ்வொரு நாளும் வாறவன்தான். உன்ட புள்ளயத் தருவோம். அவன்ட கையில இரிக்கிறது கத்திதான், ஓம்... ஆனா புள்ளைக்கில்ல, வலைக்கு. அவன் கெட்டவனில்ல. மடையன். சரியான மடையன். எங்கட வீட்டு மடையன்தான். கொஞ்சம் பொறு... பொறுடி என்ட செல்லம்...

றஹ்மா: நிண்டிட்டா... என்னங்க, அப்பிடியே நிண்டிட்டா!

ஜவ்பர்: என்ட வயித்தோட வயிறா நிக்கிறா... ஒண்டும் செய்றா இல்ல... பாத்துக்கொண்டு நிக்கிறா...

மர்ஸூக்: அறு. பயப்படாம அறு.

ஜவ்பர்: வால் ஒரு சுத்து போச்சு... இன்னுமொண்டு... கைத் துடுப்பு மட்டும்தான்... அறுந்துது! போ! போடா குட்டி, போ!

றஹ்மா: போகுது! தாய்ட கக்கத்துக்குள்ள பூந்திட்டுது! பாருங்க, பால் குடிக்குதா? பால் குடிக்குதுங்க!

மர்ஸூக்: காட்டு, எனக்கும் காட்டு... கண்ணுக்குள்ள தண்ணி, ஒண்டும் தெரியல்ல...

றஹ்மா: உப்புத் தண்ணியா?

மர்ஸூக்: உப்புத் தண்ணிதான்.

*

ஜவ்பர்: மச்சான், ஏசுங்க. ஒரு அறையாவது போடுங்க. இப்பிடி மறுபக்கம் பாத்துக்கொண்டு இரிக்காதீங்க.

மர்ஸூக்: உன்ன எப்பிடி ஏசுற? நேத்து நீ என்ஜினோடதானே வந்தாய்?

ஜவ்பர்: ஓம்.

மர்ஸூக்: அப்ப ஏன் அவ குட்டியக் கூட்டிக்கொண்டு ஓடல்ல? என்ஜின் சத்தம் கேட்டா அந்தச் சாதி மூண்டு கடலுக்கு அங்கால ஓடும். உன்ட என்ஜினும் என்டதும் ஒரே சாதி, ஒரே சத்தம். நான்தான் வாறனாக்கும் எண்டு நிண்டிருப்பா. அவட நெஞ்சில இரிந்த பயத்த எடுத்தவன் நான். வலை உன்டது... ஆனா அந்த வலைக்குப் பக்கத்தில அவளக் கொண்டு வந்து விட்டது என்ட சினேகம்தான்.

றஹ்மா: அப்பிடிச் சொல்லாதீங்க. சினேகமில்லாட்டி இண்டைக்கு அவ ஆர்ட போட்டுல வந்து இடிச்சிருப்பா?

மர்ஸூக்: நாளைக்கு நான் வரமாட்டன் றஹ்மா. என்ஜின் சத்தம் கேட்டா அவ ஓடணும். அதுதான் அவளுக்கு நல்லம்.

றஹ்மா: வராம இருக்க ஏலுமா உங்களால?

மர்ஸூக்: ...தெரியாது.

ஜவ்பர்: பிழை என்டது மச்சான். உங்களட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

மர்ஸூக்: கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லிருப்பன். தொழுறன் எண்டு.

றஹ்மா: அந்தப் பொய் உங்கட பொய்யில்ல.

மர்ஸூக்: என்ன?

றஹ்மா: நீங்க தொழுறீங்க எண்டு ஊருக்குச் சொன்னது நான்.

மர்ஸூக்: நீ நம்பினதத்தானே சொன்னாய்.

றஹ்மா: நம்பல்ல! முன்ன ஒரு நாள், என்னோட கருவாடு காயப் போடுறாளே மெலனி, அவட புருஷன்ட போட்டுல கருவாட்டுச் சாக்கு ஏத்திக்கொண்டு இந்தப் பக்கமா வந்தன். தூரத்தில உங்களக் கண்டன். தட்டில கன்னத்த வெச்சுப் படுத்துக்கொண்டு சிரிக்கிறீங்க. காது உடைஞ்ச பொறகு அண்டைக்குத்தான் நீங்க சிரிச்சு நான் கண்டன். பக்கத்தில அவ, மூச்சு விட்டுட்டு உடன முங்கிட்டா, போட்டுக்காரன் காணல்ல. மெலனிட மாப்பிள்ள, "உங்கட ஆள் அங்க என்ன செய்றாரு?" எண்டு கேட்டான். என்ட வாயில வந்துது, "தொழுறாரு" எண்டு. அவன் ஊரெல்லாம் சொல்ல, நானும் ஓம் ஓமெண்டு தலையாட்டினன். தொழுற மனிசனுக்குக் கிட்ட ஆரும் போட்டக் கொண்டு போகமாட்டாங்களே, அந்த நினைப்பில...

மர்ஸூக்: உனக்கு இவ்வளவு நாளும் தெரியும்!

றஹ்மா: தெரியும். நீங்க எனக்கு மறைக்கிறீங்க எண்டும் தெரியும். அதுதான் நானும் மறைச்சன்.

மர்ஸூக்: நான் எண்டா, என்ட மனிசி என்னப் பெரிய தக்வாதாரி, தொழுகையாளி எண்டு நம்பியிரிக்காளே எண்டு வெக்கத்தில, வீட்டிலயும் ஒவ்வொரு நாளும் நஃபில் தொழத் தொடங்கிட்டன்!

றஹ்மா: அதுவும் தெரியும். அந்த மட்டுக்கு நன்மைதானே.

ஜவ்பர்: அப்ப ராத்தா... நீ தொழுறாரு எண்டு சொல்லாம இரிந்திருந்தா, நான் கிப்லாவப் பாத்திருக்கவும் மாட்டன், மீன் கெடங்கெண்டு நினைச்சிருக்கவும் மாட்டன்.

றஹ்மா: அதத்தான் நானும் இவ்வளவு நேரமா யோசிக்கிறன். காவலுக்கு வெச்ச பொய்தான் கள்ளனுக்கு வழி காட்டிட்டுது. கள்ளனெண்டு உன்னத்தான் சொல்றன், வேற ஆருமில்ல.

ஜவ்பர்: சரி, சரி, ஒத்துக்கொண்டிட்டன்... ஐயோ! அங்க வாற போட்டு ஆர்ட?

மர்ஸூக்: அடுத்த மீன் வாடி ஸப்ராஸ்ட போட்டு மாதிரி இரிக்கு. அவனுக்கு இஞ்சால என்ன வேல?

ஜவ்பர்: வேல இரிக்கு மச்சான். நேத்துப் பிளேன்டிக் கடையில நான்தான் வாயக் குடுத்திட்டன். கத்தாளைக் கெடங்கொண்டு இரிக்கெண்டு...

மர்ஸூக்: நீ மனிசனாடா!

றஹ்மா: வலையும் கொண்டு வாறான், குவிச்சுக் கெடக்கு பாருங்க!

மர்ஸூக்: இஞ்ச கல்லுக் கெடக்கு, வலை கிழியுதெண்டு சொல்லு. உன்ட வலை கிழிஞ்சுதானே கெடக்கு, அதக் காட்டு. நம்புவான்.

றஹ்மா: இன்னுமொரு பொய்யா? ஒரு பொய் செய்தது போதாதா?

மர்ஸூக்: உண்மையச் சொன்னா இறைச்சிக்காரன் வருவானே றஹ்மா!

றஹ்மா: ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சாக் கத்தியோட வருவான். கரை முழுக்கத் தெரிஞ்சா, கரை முழுக்கப் பாத்துக்கொண்டிரிக்க எவன் வருவான்? போட்டுக்காரன், கருவாட்டுக்காரி, பள்ளிக்கூடப் புள்ளகள், எல்லாருக்கும் மூச்சுக்காரியத் தெரியட்டும். நீங்க ஒரு ஆள், ஒத்தக் காது. எவ்வளவுக்குத்தான் காவல் காப்பீங்க?

ஜவ்பர்: மச்சான், நீங்க என்ன சொல்றீங்களோ அதச் சொல்றன். கல்லெண்டாக் கல்லு.

மர்ஸூக்: இல்ல. உன்ட ராத்தா சொல்றது சரி. ஆனா வாய் உன்டது, வெக்கமும் உன்டதுதான். பிளேன்டிக் கடையில நாளைக்கு உன்னத்தான் வெச்சுச் சிரிப்பானுகள்.

ஜவ்பர்: சிரிக்கட்டும்.

ஸப்ராஸ்: ஓய் ஜவ்பர்! எனக்கு முந்தி வந்திட்டியா? அள்ளிட்டியா எல்லாத்தயும்? எங்கடா கத்தாளை?

ஜவ்பர்: என்ஜின நிப்பாட்டு ஸப்ராஸ்! அங்கயே நிப்பாட்டு, கிட்ட வராத! கத்தாளையுமில்ல, கெடங்குமில்ல! மச்சான் இஞ்ச தொழவுமில்ல, மீன் கேக்கவுமில்ல. ஒரு கடல்பண்டியும் குட்டியும் மேயிற இடம் இது. நேத்து மிதப்ப அறுத்து, கல்லுக் கட்டி, ஆருக்கும் தெரியாம வலையத் தாட்டு, அந்தக் குட்டியக் கொல்லப் பாத்தவன் நான்தான்! சிரிக்கிறதெண்டாச் சிரி, ஊருக்குச் சொல்றதெண்டா என்ட பேரச் சொல்லியே சொல்லு... ஆனா இப்ப உன்ட வலையப் போட்டுக்குள்ளயே வெச்சிட்டு, கம்பால ஊண்டி மெல்ல இஞ்சால வா. என்ட வலைட மிச்சம் இன்னும் இந்தப் புல்லுக்குள்ள கெடக்கு, கடைசிக் கண்ணி வரைக்கும் இழுத்தெடுக்க நான் ஒரு ஆள் போதாது!